ரிட்டயர்மென்டுக்குப் பிறகு வரும் சின்னச் சின்ன மறதிகள்

காரைக்குடியில் காலை நடைக்கு வரும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். பென்ஷன், முழங்கால் வலி, பேரப்பிள்ளைகள் என்று சுற்றிவிட்டுப் பேச்சு மறதியில் வந்து நிற்கும். "வேலையில இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன். ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் மூளை மழுங்கிப் போச்சு" என்று சொல்லாதவர் குறைவு. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் ஓய்வு வயது 2020-இல் 58-இலிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. வங்கியிலும் 60தான். ஆக, அறுபதை ஒட்டி வீட்டுக்கு வந்து ஒன்றிரண்டு வருஷம் ஆனவர்கள்தாம் இதை அதிகம் சொல்கிறார்கள். தெரிந்தவர் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. அடுக்களைக்குள் போய், எதற்கு வந்தோம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. உடனே மனசு கெட்டதைத்தான் நினைக்கிறது: 'அப்பச்சிக்குக் (அப்பாவுக்கு) கடைசிக் காலத்தில் வந்தது எனக்கும் வந்துவிட்டதோ?'

இந்தப் பயத்தை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு உள்ளேயே வைத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். வயதோடு மனத்தில் இயல்பாக வரும் மாற்றம் எது, மருத்துவரிடம் போக வேண்டியது எது என்று அவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் புரியும்படி சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்று. நீங்கள் கவனிக்கிற மாற்றம் ரிட்டயர் ஆன அன்றைக்குத் தொடங்கியது அல்ல. பல வருஷமாக மெல்ல மெல்ல வந்துகொண்டிருந்ததுதான். வேலை அதைத் தாங்கிப் பிடித்து வெளியே தெரியாமல் வைத்திருந்தது. பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் அடுத்த வகுப்புக்குப் போகிறோம். ஆபீஸில் ஃபைல் மேலேயே பெயர் இருக்கிறது. "சார், பதினொரு மணிக்கு மீட்டிங்" என்று ஒருவர் வந்து சொல்கிறார். நாள் முழுக்க நமக்குப் பதிலாக நினைவு வைத்துக்கொள்ள ஆட்களும் தாள்களும் இருந்தன. அவை ஒரே நாளில் விலகியதும், அதுவரை தெரியாதது கண்ணில் படுகிறது. எட்டு மணி நேரமும் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க அவகாசமும் கிடைத்துவிடுகிறது. இதைப் புரிந்துகொண்டாலே பாதிப் பேருக்குப் பயம் தணியும் என்பது என் எண்ணம்.

என்னதான் மாறுகிறது?

மனத்தின் திறன்களை இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது உளவியலில் 1940-களிலிருந்து வரும் வழக்கம். ரேமண்ட் கேட்டல் என்ற உளவியலாளர் தொடங்கி வைத்தது. ஒன்று, பழக்கமில்லாத ஒன்றை அந்த நிமிஷத்திலேயே பிடித்துக்கொண்டு யோசிக்கும் திறன். முன்பின் பார்த்திராத ஒரு செயலியை மொபைலில் திறந்து, எதை எங்கே தொட வேண்டும் என்று கண்டுபிடிப்பது இந்த வகை. இன்னொன்று, வாழ்நாள் முழுக்கச் சேர்ந்த அறிவு. சொல்வளம், தொழில் நுணுக்கம், எதிரே நிற்பவர் பேச்சிலிருந்தே ஆளை எடைபோடுவது எல்லாம் இதில் சேரும். முதல் வகை இளமையிலேயே உச்சம் தொட்டுவிட்டு மெதுவாக இறங்குகிறது. இரண்டாவது வகை அறுபதைத் தாண்டியும் நின்று பிடிக்கிறது. சொல்வளம் அறுபதுகளிலும் கூடிக்கொண்டு போவதுண்டு.

அமெரிக்காவில் வார்னர் ஷாய் என்பவர் 1956-இல் சியாட்டிலில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். அதே ஆட்களை ஏழு வருஷத்துக்கு ஒருமுறை அழைத்துச் சோதித்துக்கொண்டே போனார்கள், புதியவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். பல பத்தாண்டுகள் நடந்த அந்த ஆய்வில் தெரிந்தது இதுதான்: பார்த்ததும் சட்டென்று முடிவு சொல்லும் வேகம் முதலில் குறைகிறது. மற்றத் திறன்கள் பலவும் அறுபது வரைக்கும் பெரிதாக இறங்குவதில்லை. அப்புறம், ஆளுக்கு ஆள் வித்தியாசம் மிக அதிகம். ஒரே வயதுக்காரர் இருவரில் ஒருவருக்கு இறங்குவது இன்னொருவருக்கு அப்படியே இருக்கும்.

இந்த இரண்டு வகையையும் ஒரே ஆளிடம், ஒரே மேஜையில் பார்க்கலாம். தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் மொய் எழுத உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர். வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்தின் அடிவரைக்கும் எழுதியதும் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார், வாய் மட்டும் லேசாக அசைந்தது, கூட்டுத்தொகையை எழுதிவிட்டார். பக்கத்தில் கால்குலேட்டருடன் இருந்த இளைஞன் சரிபார்த்துத் தலையாட்டினான். அடுத்த பக்கம் பாதி கூட்டிக்கொண்டிருந்தபோது, "அண்ணே, அடுத்த பந்திக்கு எத்தனை இலை போடச் சொல்லட்டும்?" என்று ஒருவர் வந்து நின்றார். பெரியவர் நிமிர்ந்து பதில் சொன்னார். திரும்பிக் குனிந்தபோது கணக்கு கையை விட்டுப் போயிருந்தது. விரலை மறுபடி முதல் வரிக்குக் கொண்டுபோனார். கூட்டும் திறமைக்கு ஒன்றும் ஆகவில்லை, அது அவருக்குள் ஊறிப்போனது. குறைந்திருப்பது இரண்டு விஷயத்தை ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்து வைத்திருக்கும் திறன். முப்பது வயதில் அவர் இலைக்குப் பதில் சொல்லிக்கொண்டே கூட்டி முடித்திருப்பார்.

மூளைக்குள் இதற்குக் காரணங்கள் உண்டு. நரம்பு இழைகளின் மேல் இருக்கும் கொழுப்பு உறை வயதாக ஆகத் தேய்வதால் செய்தி போகும் வேகம் குறைகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, கவனத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது அதன் வேலை, மற்றப் பகுதிகளைவிடக் கொஞ்சம் முன்னதாகவே சுருங்கத் தொடங்குகிறது. புதிய நினைவைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியும் முதுமையில் வருஷத்துக்கு ஒரு சதவீதம் அளவில் சுருங்குகிறது. இது நோய் அல்ல. தலைமுடி நரைப்பதுபோல எல்லோருக்கும் நடப்பது.

பெயர் மட்டும் ஏன் முதலில் மறக்கிறது?

எல்லோரும் முதலில் சொல்லும் புகார் பெயர் மறதி. செட்டிநாட்டில் இது இன்னும் கொஞ்சம் சிக்கல். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ஒரே வளவில், அதாவது பங்காளிகளின் கூட்டு வீட்டில், ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். ஊரையும் வீட்டு விலாசத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் எந்த ஆள் என்று பிடிபடும். கோயிலில் ஒருவரைப் பார்க்கிறீர்கள். எந்த ஊர், எந்த வீடு, யார் வீட்டில் பெண் எடுத்தார், மகன் சிங்கப்பூரில் என்ன வேலை, எல்லாம் வரிசையாக வந்துவிடுகிறது. பெயர் மட்டும் வரவில்லை. அவர் போன பிறகு, வண்டியில் ஏறும்போது தானாக வருகிறது.

வாழ்நாளெல்லாம் சேர்த்த சாமான்கள் நிறைந்த உக்கிராண அறையில் ஒரு பித்தளைப் பாத்திரத்தைத் தேடுவதுபோலத்தான் இது. பாத்திரம் உள்ளேதான் இருக்கிறது, எடுக்க நேரமாகிறது. ஒருவருடைய ஊரும் தொழிலும் வேறு பல நினைவுகளோடு பின்னிக் கிடப்பவை; ஏதாவது ஒரு வழியாகப் போய் எடுத்துவிடலாம். பெயர் அப்படியில்லை. அது வெறும் ஓசை. அந்த ஓசைக்கும் அந்த ஆளுக்கும் இடையே ஒற்றைத் தொடர்புதான். வயதாக ஆக அந்த ஒற்றைத் தொடர்பு வலுவிழக்கிறது என்று டெபோரா பர்க் என்ற உளவியலாளரும் உடன் ஆய்ந்தவர்களும் 1991-இல் விளக்கினார்கள். அடிக்கடி சொல்லாத பெயர் என்றால் இன்னும் மோசம். அதனால்தான் மாதக்கணக்கில் நாம் சொல்லாத பெயர், யாராவது கேட்டால் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது.

இங்கே நினைவில் வைக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: வராத பெயர் பிறகு வந்ததா? வந்துவிட்டால், அல்லது யாராவது சொன்னதும் "ஆமாம், அவர்தான்" என்று மனசு சட்டென்று ஏற்றுக்கொண்டால், அது தேடி எடுப்பதில் வந்த தாமதம். இழப்பு அல்ல.

அறைக்குள் போய் எதற்கு வந்தோம் என்று நிற்பது இதைவிடச் சாதாரணம். இளைஞர்களுக்கும் நடக்கும். முகப்பிலிருந்து நடுமுற்றத்தைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் மனசு நாலு விஷயத்தைத் தொட்டுவிடுகிறது. புறப்பட்ட இடத்துக்குத் திரும்பினால் ஞாபகம் வந்துவிடும். இதற்காக யாரும் கவலைப்பட வேண்டாம்.

ஓய்வு என்ன செய்கிறது?

இதுவரை சொன்னது வயதைப் பற்றி. ஓய்வுக்குத் தனியாக ஒரு பங்கு உண்டா? உண்டு என்றுதான் பல ஆய்வுகள் காட்டுகின்றன. 2010-இல் சூசன் ரோவெடர், ராபர்ட் வில்லிஸ் என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அமெரிக்கா, இங்கிலாந்து, 11 ஐரோப்பிய நாடுகள் ஆகியவற்றில் 60 முதல் 64 வயதுள்ளவர்களை ஒப்பிட்டார்கள். பத்துச் சொற்களைப் படித்துக் காட்டி, உடனே ஒருமுறையும் கொஞ்ச நேரம் கழித்து ஒருமுறையும் திருப்பிச் சொல்லச் சொல்லும் எளிய சோதனை. சீக்கிரம் ஓய்வு பெறும் நாடுகளில் மதிப்பெண் குறைவாக இருந்தது. லண்டன் அரசு ஊழியர்களை 1985-இலிருந்து பின்தொடரும் இன்னோர் ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது. ஓய்வுக்கு முன்னும் பின்னும் அதே ஆட்களைப் பார்த்தபோது, சொற்களை நினைவில் வைக்கும் திறன் ஓய்வுக்குப் பிறகு 38 சதவீதம் வேகமாக இறங்கியிருந்தது. உயர்ந்த பதவியில் இருந்தவர்களின் நினைவாற்றலுக்கு அதுவரை அந்தப் பதவியால் இருந்த பாதுகாப்பும் ஓய்வுக்குப் பின் போய்விட்டது. மற்றத் திறன்களில் ஓய்வால் அப்படியொரு வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு 'ரிட்டயர் ஆனதே தப்பு' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பை முறிக்கும் வேலையிலிருந்தும், ஓயாத மன அழுத்தத்திலிருந்தும் விடுபட்டுத் தெளிவடைந்தவர்கள் இருக்கிறார்கள். வேலையோடு சேர்ந்து என்னென்ன போனது என்று பார்க்க வேண்டும். நேரத்துக்கு எழுவது, புது முகங்கள், எதிர்த்துப் பேசுகிறவர்கள், தீர்க்க வேண்டிய சிக்கல், முடிக்க வேண்டிய தேதி. இவற்றுக்குப் பதிலாக என்ன வந்தது என்பதுதான் கேள்வி.

நம் பக்கத்தில் இந்தக் கேள்வி இன்னும் அழுத்தமானது. சென்னையிலோ மும்பையிலோ முப்பது வருஷம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்றதும் கானாடுகாத்தானுக்கோ பள்ளத்தூருக்கோ திரும்பி வருகிறார்கள். பிள்ளைகள் வெளிநாட்டில். பத்துக் குடும்பம் இருந்த வீட்டில் இரண்டு பேர். காலையில் பேப்பர், மதியம் தூக்கம், மாலை டிவி. ஒரு நாளும் இன்னொரு நாளும் ஒரே மாதிரி இருந்தால், செவ்வாய்க்கிழமை நடந்ததா புதன்கிழமை நடந்ததா என்று எப்படித் தெரியும்? பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத நாளை யாராலும் ஞாபகம் வைக்க முடியாது. இதை மூளைக் கோளாறு என்று நினைத்துக் கலங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. நாளுக்கு ஓர் உருவம் கொடுத்தால் பாதி சரியாகிவிடும்.

காது, மாத்திரை, பி12

மறதி என்று வருகிறவர்களில் பலருக்கு நினைவில் கோளாறே இருக்காது. இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இவை சரிசெய்யக் கூடியவை.

காதிலிருந்து தொடங்கலாம். செட்டிநாட்டு வீடுகளின் பட்டாலையில் (கூடத்தில்) உயர்ந்த கூரை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர். பேச்சை உறிஞ்சிக்கொள்ள எதுவும் இல்லை. ஓசை எதிரொலித்துக் கலங்கிவிடும். காது கொஞ்சம் மந்தமானவருக்கு விசேஷ வீட்டில் நாலு பேர் பேசினால் பாதிதான் விழும். கேட்காத சொல்லை எப்படி ஞாபகம் வைக்க முடியும்? வீட்டில் "நேத்துத்தானே சொன்னேன்" என்கிறார்கள். அவரும் "சொன்ன மாதிரி ஞாபகம் இல்லையே" என்கிறார். கொஞ்ச நாளில் கூட்டத்துக்குப் போவதையே தவிர்த்துவிடுகிறார். லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-இல் வெளியிட்ட அறிக்கை, டிமென்ஷியாவுக்கு (அன்றாட வாழ்க்கையே தடுமாறும் அளவுக்கு நினைவும் சிந்தனையும் குறையும் நிலை) வழிவகுக்கும், நாம் மாற்றிக்கொள்ளக் கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றை எல்லாம் சரிசெய்ய முடிந்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. அந்தப் பட்டியலில் காது கேளாமை பெரிய பங்கு வகிக்கிறது. கண் பார்வைக் குறைவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, புகை, தனிமை, உடம்பை அசைக்காமல் இருப்பது ஆகியவையும் அதில் உண்டு. கண்ணாடி போடக் கூச்சப்படாதவர்கள் காதுக் கருவிக்கு ஏன் இவ்வளவு கூச்சப்படுகிறார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது வைட்டமின் பி12. இது இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலிருந்துதான் கிடைக்கும். சைவக்காரர்களுக்குக் குறைய வாய்ப்பு அதிகம். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கும், நெஞ்செரிச்சலுக்குத் தினமும் மாத்திரை போடுகிறவர்களுக்கும் இது உடம்பில் சேர்வது குறைகிறது. குறைந்தால் கால் மரத்துப்போதல், சோர்வு, மறதி எல்லாம் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நாள் கடத்தாமல் கண்டுபிடித்தால் ஊசியிலோ மாத்திரையிலோ சரியாகும். தைராய்டு குறைவும் இப்படித்தான்.

மாத்திரைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். தூக்க மாத்திரை, சில பழைய ரகச் சளி, அரிப்பு மாத்திரைகள் பெரியவர்களின் மூளையை மந்தமாக்கக் கூடியவை. சீட்டு இல்லாமல் கடையில் வாங்கிப் பழகியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம் மனச்சோர்வு. நேற்று வரை "மேனேஜர் சார்" என்று எழுந்து நின்றவர்கள் இன்று கடைத்தெருவில் கவனிக்காமல் போகிறார்கள். அது சின்ன விஷயமில்லை. விடியற்காலையில் விழிப்பு வருவது, எதிலும் பிடிப்பில்லாமல் போவது, எதைக் கேட்டாலும் "தெரியலை, ஞாபகம் இல்லை" என்று சொல்லிவிடுவது என்று வாரக்கணக்கில் இருந்தால் அது மறதியின் வேஷத்தில் வந்த மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் இருக்கிறது, குணமும் ஆகும்.

எப்போது கவலைப்பட வேண்டும்?

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-இல் வெளியான நாடு தழுவிய மதிப்பீடு சொல்கிறது. கிட்டத்தட்ட 88 லட்சம் பேர். எண்ணிக்கை பெரிதுதான், ஆனால் நூறு பேரில் தொண்ணூற்றுக்கும் அதிகமானவர்களுக்கு அது வரவில்லை என்பதும் அதே கணக்குதான். அந்த 7.4-இலும் அறுபதுகளில் இருப்பவர்கள் குறைவு. எண்பதை நெருங்க நெருங்கத்தான் கூடுகிறது.

வித்தியாசத்தை அடுக்களையில் வைத்துப் பார்க்கலாம். நாற்பது வருஷமாக அரிசி களைந்த தண்ணீரில் வெண்டைக்காய் மண்டி வைக்கிற ஆச்சி ஒரு நாள் உப்புப் போட மறந்தால் அது ஒன்றுமில்லை. மொபைலில் பணம் அனுப்ப மூன்று முறை சொல்லிக் கொடுத்தும் நாலாவது முறை கேட்டால், அதுவும் ஒன்றுமில்லை. புதிய விஷயம், மெதுவாகத்தான் ஏறும். ஆனால் அரிசி களைந்த தண்ணீரை எடுத்து வைத்துக்கொண்டு, அதை எதற்கு எடுத்தோம், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெரியாமல் அடுப்பு முன்னால் நிற்கிறார், இது மாதம் தோறும் அதிகமாகிறது என்றால் உடனே கவனிக்க வேண்டும். கைக்குப் பழகிய வேலையின் வரிசை அவ்வளவு சுலபத்தில் போவதில்லை. போகிறது என்றால் காரணம் இருக்கும்.

அதேபோல, கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடிக் கண்டுபிடிப்பது இயல்பு. சாவியைச் சீனி டப்பாவுக்குள் வைத்துவிட்டு வேலைக்கு வரும் பெண் மேல் பழிபோடுவது இயல்பல்ல. ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்துக்குள் திரும்பத் திரும்பக் கேட்பது, கேட்டதே நினைவில்லாமல் இருப்பது, பிறந்து வளர்ந்த தெருவில் வழி தடுமாறுவது, கணக்கில் புலியாக இருந்தவர் கரண்ட் பில்லை இரண்டு முறை கட்டிவிட்டு உணராமல் இருப்பது, சாந்தமானவர் திடீரென்று எல்லோர் மேலும் சந்தேகப்படுவது இவையெல்லாம் காட்ட வேண்டியவை. பொதுவாக, தன் மறதியைப் பற்றித் தானே வந்து கவலையோடு விவரமாகச் சொல்கிறவரைவிட, "எனக்கு ஒன்றுமில்லை" என்று அவர் சொல்ல வீட்டார் மட்டும் கவலைப்படுகிற நிலைதான் மருத்துவரை அதிகம் யோசிக்க வைக்கும்.

ஒரே நாளில், சில மணி நேரத்தில் குழப்பம் வந்தால் அது வேறு. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவு, தலையில் பட்ட அடி, பக்கவாதம் என்று எதுவாகவும் இருக்கலாம். முகம் கோணினாலோ கை தூக்க முடியாமல் போனாலோ பேச்சுக் குழறினாலோ 108-க்கு அழைக்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

இயல்பான வயதுக்கும் டிமென்ஷியாவுக்கும் நடுவில் ஒரு நிலை உண்டு. சோதனையில் வயதுக்கு மீறிய குறைவு தெரியும், ஆனால் அன்றாட வாழ்க்கையைத் தானே பார்த்துக்கொள்ள முடியும். லேசான அறிவாற்றல் குறைவு என்று இதைச் சொல்கிறார்கள். இதில் சிலர் டிமென்ஷியாவுக்குப் போகிறார்கள், பலர் அப்படியே இருக்கிறார்கள், சிலர் பழைய நிலைக்கே திரும்புகிறார்கள். எனவே அந்தப் பெயரைக் கேட்டதும் தளர்ந்துவிட வேண்டாம்.

என்ன செய்யலாம்?

ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். நம் பக்கத்தில் சிட்டையும் பேரேடும் எழுதிப் பழகிய குடும்பங்களுக்கு இது புதிதல்ல. எது மறந்தது, பிறகு வந்ததா, முந்தின இரவு தூக்கம் எப்படி, புதிதாக என்ன மாத்திரை என்று மறந்த அன்றைக்கு மட்டும் இரண்டு வரி எழுதுங்கள். மூன்று மாதம் கழித்துப் புரட்டினால், தூங்காத நாட்களுக்கு மறுநாள்தான் அதிகம் மறக்கிறது என்பது மாதிரி ஏதாவது தெரியவரும். உங்களை உங்கள் பழைய நிலையோடு மட்டும் ஒப்பிடுங்கள். அடுத்த வீட்டுக்காரரோடு ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

நடையை விடாதீர்கள். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் வயதானவர்கள் 120 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை வாரம் மூன்று நாள், ஒரு தடவைக்கு 40 நிமிஷம் வரை நடக்க வைத்தார்கள். இன்னொரு குழுவுக்கு உடம்பை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும். ஒரு வருஷம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது, நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. மற்றவர்களுக்கு ஒன்றரை சதவீதம் அளவில் சுருங்கியிருந்தது. ஊருணிக் கரையைச் சுற்றி, வெயில் ஏறுவதற்கு முன்னால் நடந்தால் போதும். செலவே இல்லாத வைத்தியம்.

குறுக்கெழுத்து, சுடோக்கு போடலாமா என்று கேட்பார்கள். தாராளமாகப் போடலாம், ஆனால் அதில் வளர்வது பெரும்பாலும் அந்த விளையாட்டில் உள்ள திறமைதான். புதிதாக, கஷ்டமான ஒன்றைக் கற்பது மேல். டெனிஸ் பார்க் என்ற ஆய்வாளர் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம் வீதம் மூன்று மாதம் புகைப்படக் கலையோ துணி ஒட்டுத் தையலோ புதிதாகக் கற்ற பெரியவர்களுக்கு நினைவாற்றல் கூடியிருந்தது. சும்மா கூடிப் பேசிப் பொழுதுபோக்கியவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. இங்கே பனை ஓலையில் கொட்டான் (கூடை) பின்னக் கற்கலாம். நகரத்தார் குலங்களுக்குரிய ஒன்பது கோயில்களில் ஏதாவது ஒன்றின் கல்வெட்டுகளை எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகலாம். கோயில் காரியம் முறைக்கு வந்தால் ஒதுங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். வரவு செலவு, ஆட்கள், தேதி, சமாதானம் செய்துவைப்பது என்று வேலையோடு போனதெல்லாம் அதில் திரும்பக் கிடைக்கும். காரைக்குடியில் 1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் இன்றும் இருக்கிறது. அங்கே கம்பராமாயணப் பேச்சைக் கேட்டுவிட்டு வருவதோடு நிற்காமல், கேட்டதில் பத்துப் பாடலை மனப்பாடம் செய்து வீட்டில் சொல்லிக் காட்டுங்கள்.

குறைந்ததை ஈடுகட்டுவதும் ஒரு திறமைதான். பியானோ மேதை ஆர்தர் ரூபின்ஸ்டைன் எண்பது வயதிலும் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறார் என்று கேட்டபோது, வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டதாகவும், அவற்றை அதிகம் பயிற்சி செய்வதாகவும், வேகமான இடம் வருவதற்கு முன் கொஞ்சம் நிதானித்து வாசிப்பதால் அந்த இடம் வேகமாகக் கேட்பதாகவும் சொன்னாராம். பால் பால்டஸ் என்ற உளவியலாளர் நல்ல முதுமைக்கு இதைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வார். தீபாவளிக்கு ஏழு பலகாரம் செய்த ஆச்சி, இப்போது தேன்குழலும் மாவுருண்டையும் மட்டும் செய்கிறார். ஆனால் வாயில் போட்டால் கரைகிறது. அது தளர்ச்சி என்று யார் சொல்வது? மாத்திரையை வாரப் பெட்டியில் அடுக்கி வைப்பது, சாவிக்கு ஒரே ஆணி, பேசும்போது டிவியை அணைப்பது எல்லாம் இதே வகைதான்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். "அப்பச்சி, இதோட மூணாவது தடவை கேக்குறீங்க" என்று எண்ணிக் காட்டாதீர்கள். பெயர் தேடித் தடுமாறும்போது பாய்ந்து எடுத்துக் கொடுக்காமல், கொஞ்சம் பொறுத்திருங்கள். கண்டிப்பாகப் பார்க்க வேண்டிய அறிகுறி இருந்தால் மட்டும், மற்றவர்கள் முன்னால் அல்லாமல் தனியாக, "ஒரு செக்கப் போயிட்டு வந்திருவோம், பி12ம் பார்த்திரலாம்" என்று சொல்லுங்கள்.

போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரையையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டு, கண்ணாடி, காதுக் கருவி, கூடவே இருக்கிற ஒருவர். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ காட்டலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் முதியோருக்கான 14567 எண்ணில் கேட்கலாம். மருத்துவமனையில் ஒரு கடிகாரம் வரைந்து பதினொன்று பத்துக்கு முள் வைக்கச் சொல்வார்கள், ஐந்து சொல்லைச் சொல்லிக் கொஞ்ச நேரம் கழித்துக் கேட்பார்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். முப்பதுக்கு இத்தனை என்று மதிப்பெண் வரும். எத்தனாம் வகுப்பு வரை படித்தீர்கள் என்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள், அதைப் பொறுத்து மதிப்பெண்ணைப் பார்க்கும் விதம் மாறும். அந்த ஒரு நாள் மதிப்பெண்ணை வைத்து யாரும் முடிவு கட்டிவிட மாட்டார்கள். ரத்தப் பரிசோதனை எடுத்து, குறைந்ததைச் சரிசெய்து, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி வரச் சொல்வார்கள். அப்போது பழைய தாளையும் எடுத்துப் போங்கள். அவர்கள் பார்க்கப்போவது இரண்டு தாளுக்கும் நடுவில் என்ன மாறியிருக்கிறது என்பதைத்தான்.